யாரும் இல்லாத நாற்பது நிமிடம்

படிவத்தின் பதினோராம் பக்கம் கேட்கிறது:
இரவில் எத்தனை முறை
உங்களைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்?
மூன்று என்கிறேன்.
எழுதுகிற கை அம்மாவுடையது.
எழுதாமல் நிற்கிறது.
நான்கு, என்கிறாள்.
நான்காவது முறை நான் விழிப்பதே இல்லையாம்.

குளியல் முப்பத்தைந்து நிமிடம்.
காலுறை ஏழு.
கழிப்பறை பன்னிரண்டு, நாளுக்கு நான்கு தடவை.
முடி பின்ன ஐந்து என்று போட்டிருந்தோம்.
அடித்துவிட்டார்கள்.
பின்னல் அத்தியாவசியம் இல்லையாம்.

லனிட்லாய்ஸ் எங்கள் ஊர்.
பல்கலைக்கழகம் அபெரிஸ்ட்வித்தில், கடலோரம்,
வேறு மாவட்டம்.
நடுவில் ஒரு மலை, நிறைய ஆடுகள்,
என் உடம்புக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி.
எங்கள் மாவட்டம் சொன்னது: அவள்தான் அங்கே போகிறாளே.
அந்த மாவட்டம் சொன்னது: விடுமுறைக்கு உங்களிடம்தானே வருவாள்.
பல்கலைக்கழகம் சொன்னது:
குறிப்பெடுக்க ஆள் தருவோம்,
கழிப்பறைக்குத் தருவதில்லை.
ஆகஸ்ட் முழுக்க
என் இடது பாதி ஒரு மேசையிலும்
வலது பாதி இன்னொரு மேசையிலும் கிடந்தன.
இரண்டு மேசைக்காரர்களும்
மாறி மாறி விடுப்பில் போனார்கள்.

செப்டம்பரில் நான் முதலாளி ஆனேன்.
பத்தொன்பது வயதில்,
என்னைக் குளிப்பாட்டப் போகிறவர்களுக்கு
நேர்காணல் வைத்தேன்.
முதுகுவலி உண்டா, தூக்கும் கருவி பழக்கமா,
எல்லாம் அம்மாவின் கேள்விகள்.
கடைசியில் ஒன்று நான் சேர்த்தது:
நான் தப்பான முடிவு எடுத்தால் என்ன செய்வீர்கள்?

மைனிர், உங்கள் அம்மாவைக் கூப்பிடுவேன் என்றாள்.
நன்றி சொல்லி அனுப்பினோம்.
லோடெஸ் விதிப்புத்தகத்தின் பக்க எண் சொன்னாள்.
இபிரோங்கே,
இபாதானில் செவிலி, இங்கே பாலாடைக்கட்டி ஆலையில் இரவு வேலை,
நெடுநேரம் யோசித்தாள்.
எந்த மாதிரித் தப்பு?
நான் கோட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டுமா?

அவளையே வைத்துக்கொண்டேன்.
ஆள் போதாமல் லோடெஸையும்.

எங்களுக்குக் கிடைத்தது 'தூங்கும் இரவுப் பணி'.
அடுத்த அறையில் அவள் தூங்கலாம்,
இரண்டு முறை எழுப்பலாம்.
மூன்றாவதற்குக் கூலி இல்லை.
அதனால் மூன்றாவது முறை
பெயரோடு மன்னிப்பும் சேர்த்துக் கூப்பிடுகிறேன்.
நான்காவது முறையை யாரும் செய்வதில்லை.
வார இறுதியில் வந்த அம்மா
தோளில் சிவப்பைப் பார்த்துவிட்டாள்.
வெயில், என்றேன்.
அபெரிஸ்ட்வித். அக்டோபர். மழை.

பணி அட்டவணை சுவரில் தொங்குகிறது.
ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிறம்,
வெள்ளையாக ஒரு கட்டம்கூட இல்லை.
ஐந்தாம் வாரம் ஒரு கட்டம் கேட்டேன்.
புதன், இரண்டு மணி முதல் இரண்டு நாற்பது வரை,
யாரும் வேண்டாம்.
அதற்கும் ஒரு படிவம் இருந்தது.
ஆள் கேட்க எழுதியதைவிட
ஆள் வேண்டாம் என எழுத
இரண்டு பக்கம் அதிகம்.
ஆபத்து: நடுத்தரம்.
கையொப்பம்: என் விரல் ரேகை, சற்றே கலங்கலாய்.

முதல் புதன்.
கதவு சாத்தியது. காலடிகள் போயின.
ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை,
பின்னாத முடியில் ஒரு கற்றை நழுவி
வலது கண்மேல் விழுந்தது.
ஊதினேன். எழும்பி அங்கேயே உட்கார்ந்தது.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
அறையில் யாரும் முகம் சுளிக்கவில்லை.
இன்னொன்று சொன்னேன், உரக்க.
பிறகு சும்மா இருந்தேன்.
முடியின் ஊடே ஜன்னல் தெரிந்தது,
கோடு கோடாய்க் கடல்,
யாரோ ஒருவன் ஈர நாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.
மூக்கு அரித்தது.
அரித்துவிட்டு அதுவே போய்விட்டது.
அப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது.

சரியாக இரண்டு நாற்பதுக்கு
கதவு தட்டப்பட்டது.
சாவி வைத்திருப்பவள் தட்டினாள்.
வா என்று சொல்லும்வரை நின்றாள்.
என் முகத்தைப் பார்த்தாள்,
கையைப் பாதி தூக்கினாள்,
நிறுத்திக்கொண்டாள்.

எடுக்கவா, ஹெலெத்?

கொஞ்சம் இரு, என்றேன்.
அந்த நாய் என்ன ஆயிற்று என்று பார்த்துவிடுகிறேன்.