உறுதி

புதுக்கடையில், மழை ஒழுகும் ஒரு மாடியறையில்
உறுதி எழுதுவது என் தொழில்.
வடக்கெல்லை யாருடையது, கிழக்கே எந்த ஒழுங்கை,
கிணற்றில் எத்தனை பங்கு.
ஆட்களை எழுதுவதில்லை.

யோகமலர் ஒரு புதன்கிழமை வந்தா.
வெள்ளவத்தையில் நாலாம் மாடி, இரண்டு அறை.
கடல் தெரியாது, ரயில் கேட்கும்.
இருபத்திரண்டு வருஷம் வங்கியில் பிறர் காசை எண்ணி
தன் பெயரில் வாங்கியது.
விற்க வேணும்.

"கணவரின் சம்மதக் கையெழுத்து?"
வாய் என்னுடையது.
கேள்வி தேசவழமையினுடையது.
ஒல்லாந்தன் யாழ்ப்பாணத்தில் எழுதுவித்த வழமை
ரயிலேறிக் கோட்டையில் இறங்கி
அவவுக்கு முன்னமே வந்து
என் மேசையில் குந்தியிருந்தது.

"அவர் ரொறன்ரோ போய்ப் பதினாலு வருஷம்.
லிப்ட் பழுதானால் எழுபத்தெட்டுப் படி.
நான்தான் ஏறுறன்.
அவற்றை கையெழுத்து எந்தப் படியில நிக்குது?"

மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம் என்றேன்;
கணவன் இல்லாத இடத்தில்
நீதிபதி இருந்து தலையாட்டுவார்.
அவ சிரித்தா.
அதற்கு முத்திரை ஒட்டத் தேவையில்லை.

பின்னேரம் புத்தகத்தை இறக்கினேன்.
இராமபாணம் தின்று மிச்சம் வைத்த தாளில்
அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி:
யார் யாருக்குச் சொந்தம், பிள்ளை எந்த வீட்டுக்கு.
என் சனம் அதற்குள் இருந்தது,
பெயரில்லாமல், காணியோடு காணியாக.

அந்தப் பகுதி செத்த அன்று
வழமை போச்சே என்று யாரோ அழுதிருப்பார்கள்.
பனை ஒன்றும் சாயவில்லை.
பக்கத்துத் தாள் மட்டும் இன்னும் மூச்சு விடுகிறது.

முழுதையும் கிழிக்கவும் கை வரவில்லை.
யோகமலரின் தாயின் சீதனக் காணியை
தகப்பனின் கடன்காரர் தொடாமல் காத்ததும்
இதே புத்தகம்.
எந்த வரி கூரை, எந்த வரி பூட்டு?
மை ஒன்றுதான்.
உள்ளே இருப்பவரைத்தான் கேட்கவேணும்.

மனுவின் முதல் வரியில்
"இன்னாரின் மனைவி" என்பதை வெட்டிவிட்டு
யோகமலர் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

காலையில் தட்டச்சுப் பிரதி வந்தது.
"விட்டுப்போச்சு சேர்" என்று
பஸ்மியா நல்லெண்ணத்தோடு
திரும்பச் சேர்த்திருந்தாள்.
படிவத்தில் அதற்கு இடம் இருந்ததாம்.