நூறு நக்ஃபாவுக்குச் சில்லறை

மஸாவாவில் கடற்கரை கொதிக்கத் தொடங்கும் முன்
புறப்பட்டார்கள், நாற்பத்தொரு பெண்கள்.
அஸ்மாராவுக்கு நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர்,
போகப் போக ஏற்றம்.
பின்னால் வரும் வண்டியில் நான்,
மடியில் உதிரிச் சக்கரம்.
உயிர்வேதியியல் மூன்றாண்டு படித்து, பாதியில் விட்டு,
ஆரக்கம்பிகளின் கோணல் எடுக்க வந்தவன்.

கிந்தா வரைக்கும் முதல் ஐவரில் ஒருத்தி ரிஷான்.
நெஃபாஸித் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில்
அவள் அணைந்தாள்.
வேறு சொல் இல்லை எனக்கு.
கால் சுற்றியது, ஆள் அங்கே இல்லை.
நேற்றிரவு தின்ற பாஸ்தா,
விடியலில் பிட்டுத் தின்ற ஹிம்பாஷா,
தசையிலும் ஈரலிலும் அடுக்கி வைத்த மூட்டைகள்
காலியாகித் தரை தெரிந்திருக்க வேண்டும்.
ஜன்னல் வழியே என்னை "ஹப்தே" என்றாள்.
ஹப்தே அவள் அண்ணன்.
கெரெனில் இருக்கிறான்.

வளைவில் பேலஸ் விற்கும் அபரெஹெத்,
தகரத் தட்டில் சப்பாத்திக்கள்ளிப் பழங்கள்.
இரு முனையிலும் ஒரு வெட்டு, நடுவே ஒரு கீறல்,
முள் அத்தனையும் தோலோடு போய்விடும்.
நான்கு பழம் கேட்டு நூறு நக்ஃபா நோட்டை நீட்டினேன்.
"சில்லறை இல்லையே" என்றாள்.
"அப்புறம்" என்றேன்.
போட்டி விதி இதற்கு இடம் தருமா
என்று நான் யாரையும் கேட்கவில்லை.

செல்லுக்கும் இதே பஞ்சாயத்துதான்.
சர்க்கரை பெரிய நோட்டு,
எந்தத் தசைநாரும் அதை அப்படியே வாங்காது.
முதலில் கைக்காசு இரண்டைப் போடச் சொல்லும்,
பிறகுதான் உடைக்கும்.
ஆறு கரியணுச் சங்கிலி மும்மூன்றாய் முறியும்.
போட்டது போக மிச்சம் இரண்டு ஏடிபி.
இரண்டை வைத்துக்கொண்டு மலை ஏறுவதா?
காற்று கிடைத்தால்தான்
முறிந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவின்
இரண்டு சுவர் தாண்டி உள்ளே போகும்.

அங்கே தீ இல்லை.
எரிகிறது என்று புத்தகத்தில் இருந்தது,
நானும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன்.
நடப்பதோ கைமாற்று.
சூடான பாத்திரத்தை யாரும் வைத்துக்கொள்ளாததுபோல்
எலக்ட்ரான் கையிலிருந்து கைக்கு.
ஒவ்வொரு கை மாறும்போதும்
புரோட்டான்கள் சுவருக்கு அப்பால் தள்ளப்படும்,
அங்கே கூட்டம் நெரியும்,
திரும்பிவர ஒரு வாசல் தேடும்,
வாசலில் ஒரு சக்கரம்.
நொடிக்கு நூறு சுற்று,
சுற்றுக்கு மூன்று சில்லறை.
அதற்கு ஆரக்கம்பி இல்லை, கோணல் இல்லை,
என் தொழில் அங்கே செல்லாது.

வரிசையின் கடைசிக் கை ஆக்சிஜன்.
யாரும் வேண்டாததை வாங்கிக்கொண்டு
தண்ணீராகிவிடும்.
மூச்சு வாங்குகிறோம், மூச்சு வாங்குகிறோம் என்று
இந்த மலை முழுக்க இரைத்தோமே,
இவ்வளவுக்குத்தான்:
கடைசியில் நிற்க ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவது பழத்தில் விதையைத் துப்பினாள்.
நான்காவதைப் பாதி தின்று பாதியை
சட்டைப் பையில் போட்டாள், சாறு வழிந்தது.
இரண்டு வளைவு ஒன்றும் நடக்கவில்லை.
மேகம் சாலைக்கு இறங்கியிருந்தது.
பிறகு, சேணத்திலிருந்து எழுந்து நின்று மிதித்துக்கொண்டே,
"யோனாஸ், பின்சக்கரம் உரசுது, காதில் விழலையா?"
என்று கத்தினாள்.
என் பெயர்.

பதினேழாவதாக வந்தாள்.
யாரிடமும் பேசவில்லை.

இரவில் வண்டியைத் திருப்பி ஒப்படைக்க
அதே சாலையில் இறங்கினேன்.
அபரெஹெத் போய்விட்டிருந்தாள், மீதியோடு.
சரிவு நெடுகக் கள்ளிகள்.
பகலெல்லாம் மூடிக் கிடந்துவிட்டு
இருட்டிய பிறகே துளை திறக்கும் சாதி அது,
நாம் வெளியே விட்டதை உள்ளே இழுத்து
நாளைக்குச் சர்க்கரையாக்கும்.
காலையில் அவள் விட்ட மூச்சு
இன்னுமா இங்கே நிற்கும்?
நிற்காது. காற்று எப்போதோ அடித்துப் போயிருக்கும்.
இருந்தாலும் அந்த வளைவில்
கண்ணாடியை இறக்கிவிட்டு
மெதுவாகத்தான் ஓட்டினேன்.