செவ்வாய், ஆறு மணி

மாங்குளத்தின் பழைய நெல்லுக் களஞ்சியத்துச் சாவி
எங்கள் கைக்கு வந்த அன்று
உள்ளே ஒரு வௌவாலும் மூன்று படிக்கல்லும் இருந்தன.
படிக்கல்லைச் சொத்துப் பட்டியலில் எழுதினேன்.
நான் பொருளாளர். எழுதுவதுதான் என் வேலை.

பதியப் போன கந்தோரில் இலிகிதர் கேட்டார்:
“லாபம் எடுக்கமாட்டியள். பிறகேன்
இந்த வெக்கைக்குள்ளை இன்னொரு நெருப்பு?”
பத்திநாதன் சொன்னான்:
“போத்தல் கனக்கக் கிடக்கு, ஐயா.”

கிடந்ததுதான். கண்டி வீதியின் கரையெல்லாம்
சோடா, சாராயம், இருமல் மருந்து,
மண்ணுக்குள் பாதி புதைந்து
பேர் அழிந்துபோன பச்சைகள்.
முதல் வருடம் எல்லாவற்றையும் ஒன்றாய் உருக்கினோம்.
பகலில் முழுசாய் நின்ற குவளைகள்
இராவில் தம்பாட்டில் வெடித்தன.
டிக்.
கனநேரம் கழித்து, டிக்.
ஒன்றாய் உருகும், ஒன்றாய் ஆறாது என்று
எங்களுக்கு விளங்க
எழுபத்தொரு குவளை போயிற்று.
அதற்குப் பிறகு ஒரு கம்பனிப் போத்தல்
அதே கம்பனிப் போத்தலோடு மட்டும்.
ஆறவைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில்
ஒருவர் விடியும்வரை இருக்கவேணும்.
அவருக்குத் தேத்தண்ணிச் செலவு: நாற்பது ரூபாய்.

காஸ் வராமல்போன மாதத்தில் உலை அணைந்தது.
மூசைக்குள் கண்ணாடி இறுகி
மூசையையே பிளந்தது.
அன்று பின்னேரம் கணக்குக் கொப்பியில்
சிவப்புக் கோடு இழுத்து
“முற்றிற்று” என்று எழுதினேன்.
ஞாயிற்றுக்கிழமை கராச் அலோசியஸ்
ஒரு பீப்பாய் கழிவு ஒயிலோடு வந்தான்.
பின்னால் அலவாங்குகளோடு ஒன்பது பேர்.
உடைத்ததை உடைத்தபடியே கூடையில் அள்ளினார்கள்,
அடுத்த உருக்குக்கு ஆகுமாம்.
“முற்றிற்று”க்கு முன்னால்
“சித்திரை மாதக் கணக்கு” என்று
இடுக்கி எழுதவேண்டியதாய்ப் போயிற்று.

பிறகுதான் சனம் வரத் தொடங்கியது.
தையல் ஆலையில் வேலை முடிந்து
பஸ்ஸை விட்ட மூன்று பெட்டையள்,
ஒரு கணித ரீச்சர்,
சும்மா பார்க்க வந்து
சந்தா கட்டிவிட்டுப் போன மீன் வியாபாரி.
ஒரே ஒரு உலைவாய்.
யார் எப்போது ஊதுவது என்று
கதவில் ஒரு கொப்பி தொங்கவிட்டோம்.
இப்போது அது மூன்றாவது கொப்பி.

சுகிர்தமலருக்கு இடது நுரையீரலில் இரும்புத் துண்டு.
ஊதக்கூடாது என்று டொக்டர் துண்டு தந்தவர்.
அவளிடம் இரண்டு துண்டும் இருக்கின்றன.
வியாழக்கிழமைகளில், ஒரு முறை மட்டும்,
கொஞ்சமாய் ஊதுவாள்.
சின்ன மூச்சுக்குச் சின்னக் கிண்ணம், சுவர் தடிப்பு.
விழுத்தினாலும் உடையாது.
பிள்ளைகள் உள்ள வீடுகளில்
அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

நீர்கொழும்பு ஹோட்டல் ஒன்று
நானூறு குவளை கேட்டது, ஒரே அச்சில்.
கூட்டம் இரண்டரை மணித்தியாலம்.
நானூறு தரலாம், ஒரே அச்சு எங்களால் ஏலாது
என்று மறுமொழி எழுதினேன்.
அறுபது போதும் என்றார்கள்.
அந்தக் காசில்தான்
இரண்டாவது உலைக் கதை கிளம்பியது.

நான் எதிர்த்துக் கை உயர்த்தினேன்.
என்னோடு ஐந்து பேர். மற்றப் பக்கம் இருபத்துமூன்று.
வாடகை, ஒயில், களி, கூரைத் தகரம்
என்று ஒவ்வொன்றாய் வாசித்துக் காட்டினேன்.
எல்லாரும் வடிவாய்க் கேட்டார்கள்.
கேட்டுவிட்டுத் தகரத்துக்கு அளவெடுக்கப் போனார்கள்.
கூட்டக் குறிப்பில் அதையும் எழுதினேன்.

நேற்றுப் பூட்டிக்கொண்டு வரேக்கை
கதவுக் கொப்பியைப் பார்த்தேன்.
செவ்வாய், பின்னேரம் ஆறு மணிக்கு நேரே
யாரோ என் பேரை எழுதியிருக்கிறார்கள்.
எழுத்து யாருடையது என்று தெரியவில்லை.
நாலு வருடமாய் இந்தக் குழாயின் விலை
எனக்கு மனப்பாடம்.
அதன் நுனியில் வாய் வைத்ததில்லை.

பிழையான பதிவை
ஒற்றைக் கோட்டால் வெட்டிக் கையொப்பமிடுவது
என் வழக்கம். பேனையும் கையில் இருந்தது.

பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.
பிறகு சைக்கிளை எடுத்தேன்.