இரைச்சல் நீக்கம்

தர்மபுரி நாலு ரோட்டில்
சாவி நகல் போடும் கடைக்கு மேல்மாடி.
கண்ணாடிப் பெட்டிக்குள்
தோடு மாதிரி ஜோடி ஜோடியாய்க் காதுகள்.

தீபலட்சுமி விலையை வாயால் சொல்லவில்லை.
கால்குலேட்டரில் அடித்து
என் பக்கம் திருப்பினாள்.
காது கேளாதவளுக்கு மரியாதையா,
அந்த விலைக்கே கூச்சமா, தெரியவில்லை.

தொண்ணூறாயிரம்.
கிலோ அறுநூறு என்று வைத்தால்
நூற்றைம்பது கிலோ பட்டுக்கூடு.
ஒரு முழு வளர்ப்பு.
இருபத்தைந்து நாள் இலை வெட்டி
இரண்டு காது.

முகாமில் கொடுத்த பழசு
ஒன்பது வருஷம் உழைத்தது.
அதற்கு எல்லாமே ஒன்றுதான்.
தட்டு விழுந்தாலும்
என் கூட்டுக்கு விலை விழுந்தாலும்
ஒரே சத்தத்தில் சொல்லும்.

"இதுல மூளை இருக்குக்கா.
எது பேச்சு, எது இரைச்சல்னு
தானா பிரிச்சுக்கும்."

புழுமனை ஈரம் தாங்குமா என்றேன்.
கரண்ட் போனால் எதில் சார்ஜ் போடுவது என்றேன்.
ரிப்பேர் என்றால் பெங்களூரா என்றேன்.
முதல் இரண்டுக்குச் சிரித்தாள்,
மூன்றாவதுக்குத் தலையாட்டினாள்.
வாரண்டிச் சீட்டில் பொடி எழுத்தில் இருந்தது:
ஈரத்துக்குப் பொருந்தாது.

பன்னிரண்டு தவணை.
கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் மாதையன்
பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கத்தினார்.
கத்தாதீங்க என்றேன்.
குரலை இறக்கினார்.
இறக்கிய பிறகுதான் தெரிந்தது,
அதில் பாதி கோபம், பாதி வெறும் சத்தம்.

கூட்டு மார்க்கெட்டில்
முடியைக் காதுமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.
"அந்தம்மாவுக்குக் கேக்காது,
ஐநூத்தி நாப்பதுல முடி"
என்று ஒருவன் இன்னொருவன் தோளில் சொன்னான்.
முகத்தை மாற்றாமல் கேட்டுக்கொண்டேன்.
அறுநூற்றுப் பத்துக்குக் குறைத்துத்
தலை ஆட்டவே இல்லை.
அன்று ராத்திரி மாதையனிடம்
முதல் தவணை வந்துவிட்டது என்றேன்.

ஆனால் அதே ராத்திரி புழுமனையில்
ஒன்றுமே இல்லை.
நாலாம் தோல் உரித்து எழுந்த புழுக்கள்,
பசியின் உச்சம்.
இலை போட்டால்
தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி
மெல்லும் சத்தம் எழவேண்டும்.
அந்த மழை தூறலானால்
எந்தத் தட்டிலோ நோய்.
டார்ச் அடிக்கும் முன்பே காது சொல்லிவிடும்.
பழசில் அப்படித்தான்.

போனைத் திறந்தேன்.
பச்சை எழுத்தில் பெருமையாய் இருந்தது:
சுற்றுப்புற இரைச்சல் குறைக்கப்பட்டது.

அரிசி டப்பாவில் போட்டிருந்த பழசை எடுத்து,
ஆரஞ்சு ஸ்டிக்கர் பேட்டரியை
உரித்துப் போட்டு மாட்டினேன்.
விசிலடித்தது, கரகரத்தது,
பிறகு
கொட்டோ கொட்டென்று கொட்டியது.

மறுநாள் முதல் பஸ்.
போனில் பதிந்த சத்தத்தை
தீபலட்சுமி மேஜைமேல் வைத்தேன்.
"மழையாக்கா?"
புழு தின்கிறது என்றேன்.
கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.
இரைச்சல் வேணும்னு யாருமே
இதுவரை வந்ததில்லையாம்.

என் கழுத்தில் ஒயரை மாட்டி
நாற்பது நிமிஷம் கம்ப்யூட்டரில் தேடினாள்.
ஒவ்வொரு தடவையும்
"இப்பக் கேக்குதா? இப்ப?"
மின்விசிறி கேட்டது. கீழே சாவி அரைவது கேட்டது.
அவள் வயிறு கொர்ரென்றது;
இட்லி சாப்பிட்டியா பொண்ணே என்றேன்.
வெட்கத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கடைசியில் ஒரு தனி அமைப்பு.
என்ன பேர் வைக்கட்டும் என்றாள்.
போனில் இப்போது வரிசையாய் இருக்கிறது:
வீடு. சந்தை. பஸ். புழு.

வாங்கப் போகிறவர்களுக்கு
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
கடையில் நல்ல நல்ல பேச்சாய்ப் பேசிக் காட்டுவார்கள்,
அமைதியான அறையில்.
நீங்கள் உங்கள் இரைச்சலையும்
கையோடு கொண்டு போங்கள்.

இன்னும் ஏழு தவணை.
மணி பதினொன்று, இலை போட்டாயிற்று,
அடித்துப் பெய்கிறது.
புதிய மேம்பாடு தயார், இன்னும் தெளிவாகக் கேட்கலாம்
என்கிறது போன்.
'பிறகு' என்பதை அழுத்துகிறேன்.
நாளைக்கும் கேட்கும்.