படத்தில் இருக்கும் வலை

செவ்வாய் விடிய எமிலியானுஸ் வந்து
சங்கக் கதவைத் தட்டியபோது
அவனிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.
அதுதான் பிரச்சினை.
ஒன்பது துண்டு நண்டு வலை,
கடனில் இன்னும் ஏழு தவணை.
இரவு பத்தரைக்கு மேற்கே
ஒரு பட்டணம் நகர்ந்து வருகிற மாதிரி வெளிச்சம்,
பிறகு பார்த்தால்
மிதப்புக் கட்டைகூட இல்லை.

வலைப்பாட்டுச் சங்கத்துக்கு நான் செயலாளர்.
கடிதம் எழுதுவது என் வேலை.
ஒன்பது என்று எழுதினேன்.
போன மாசம் சரியான கணக்கோடு போன கடிதம்
கிளிநொச்சியில் எந்தக் கோப்புக்கு அடியில் கிடக்கிறதோ,
அதை நினைத்து
ஒன்பதுக்கு முன்னால் ஒரு இரண்டைப் போட்டேன்.
எமிலியானுஸ் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

புதன் இரவு ஒரு றோலரைப் பிடித்தார்கள். பதினொரு பேர்.
எங்கள் எல்லைக்குள் வந்தார்கள் என்றது இங்கத்தைய அறிக்கை.
எங்கள் எல்லைக்குள் வந்து பிடித்தார்கள் என்றது அங்கத்தையது.
இரண்டிலும் பாகை, கலை, விகலை,
புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம்.
முழங்காவில் கடையில் ரீ ஆறுகிற நேரத்துக்குள்
இரண்டையும் போனில் அடித்துப் பார்த்தேன்.
ஒன்று கடலில் விழுந்தது.
மற்றது பாலியாற்றுக்குத் தெற்கே
யாரோ ஒருவருடைய நெல்வயலில்.
எது எவருடையது என்று நான் சொல்லப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை வான் வந்தது.
மடிப்புக் கலையாத சேட்டோடு ஒரு தம்பி:
"வலையைக் கையில பிடியுங்கோ அண்ணை."
"வலை போட்டுது தம்பி."
"ஏதாவது ஒரு வலை."
பிலோமினா வேலியில் போட்டிருந்ததை எடுத்தார்கள்,
மாரிக்கு முன்னம் எலி கடித்தது.
ஓட்டைக்குள்ளால் கமெரா அவன் முகத்தைப் பார்த்தது.
கொஞ்சம் குனியுங்கோ.
இன்னும் கொஞ்சம்.

சனிக்கிழமைப் பேப்பரில்
அந்நிய இழுவைமடி கிழித்த வலை.
ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது
அக்கரையில் இருந்து யாரோ யாருக்கோ அனுப்பி
என் போனுக்கும் வந்தது:
அதே வேலி, அதே ஓட்டை,
எமிலியானுஸின் முகத்தை மட்டும் வெட்டிவிட்டு,
கடற்படை அறுத்த வலை.
எலியைப் பற்றி இரண்டு அரசுகளும்
கருத்துத் தெரிவிக்கவில்லை.

அமைச்சர் மேடையில் சொன்னார்,
மீனுக்கு எல்லை தெரியாது என்று.
நல்ல கைதட்டல்.
பக்கத்தில் நின்ற எமிலியானுஸ்
எனக்கு மட்டும் கேட்கக் கேட்டான்:
"றோலருக்கு?"

வழக்குக்கு அவனைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.
நீதிமன்ற வாசலில், விலங்கோடு,
முனியராஜ் என்று ஒரு பொடியன்,
காலில் ஒற்றைச் செருப்பு.
"அண்ணே, இங்க நண்டு கிலோ என்னா வெல?"
இவன் சொன்னான்.
அவன் தங்கள் காசுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு
"மடி மொதலாளிது. எனக்குக் கூலிதான்" என்றான்,
கேட்காத கேள்விக்கு.
இவன் பேச வாயெடுக்கும்போது
கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எட்டு மாசத்துக்குப் பிறகு நட்டஈடு வந்தது.
ஆதாரம்: புகைப்படம்.
படத்தில் இருக்கும் வலை எவருடையது?
விதானையார் விசாரித்து
நேர்மையாக எழுதியிருந்தார்.
இருபத்தொன்பது துண்டுக்கு
பிலோமினாவின் பெயரில் காசோலை.
அவள் அரைவாசி தருகிறேன் என்கிறாள்.
இருபத்தொன்பதில் அரைவாசியா, ஒன்பதில் அரைவாசியா
என்று இன்னும் தீரவில்லை.
அந்த இரண்டைப் போட்டது நான் என்பதை
அவளுக்கு எமிலியானுஸ் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

இன்றைக்குத் திங்கள்.
எலி கடித்த வலையைப் பொத்தி,
இரவலாக எடுத்துக்கொண்டு அவன் போயிருக்கிறான்.
ஒன்பதே முக்கால். மேற்கே இன்னும் இருட்டு.
நான் கடிதத்துக்குத் திகதி போட்டு வைத்திருக்கிறேன்.
எண்ணிக்கைக்கு
கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.