எடைமேடை

டொலீடோவுக்கு வடக்கே, பழைய இரும்புக் கிடங்கு.
ஒரே விபத்தின் இரண்டு வண்டிகள்
ஒன்றன்பின் ஒன்றாக மேடை ஏறின.

சிவப்புக் கார்: ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.
ஸ்டியரிங் பின்னிருக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.
கேலனுக்கு நாற்பது மைல் என்று
கண்ணாடிச் சில்லில் இன்னும் அந்தச் சீட்டு.

பிக்கப்: இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து.
அடிச்சட்டம் கோணிவிட்டதாம், இன்சூரன்ஸ் கைகழுவிவிட்டது.
உள்ளே, மூடிபோட்ட காப்பி
சிந்தாமல் இருந்தது.

லோர்னா பெட்ரோஸ்கி ரசீது எழுதினாள்.
நீளமும் அகலமும் கூடக் கூட
எரிபொருள் விதி கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று
கார் ஆலையில் இருந்த கணவன் சொல்லியிருக்கிறான்.
அதனால்தான் வண்டிகள் ஊதினவோ,
நாம்தான் பயந்து பயந்து ஊதவைத்தோமோ,
அவளுக்குத் தெரியாது.

யார் பிழைத்தார் என்று
தராசு கேட்பதில்லை.
இரும்புக்கு ஒரே விலை.

ஐந்து மணி. ஷட்டரை இறக்கினாள்.
வெளியே பனியில் நின்றது
போன மாதம் மகனை நினைத்து வாங்கிய பிக்கப்;
இன்னும் எழுபத்தொரு தவணை.
அதையும் ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாமா என்று தோன்றியது.
பார்க்கவில்லை.

முதல் வளைவில்
எதிரே வந்த சின்னக் கார் தயங்கி வேகம் குறைத்தது.
அவள் வண்டியின் விளக்கு
ஓட்டுகிறவளின் முகத்தில்
நேராக விழுந்தது.