வரை

களியக்காவிளையில் என் கடைக்கு இரண்டு பலகை,
தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று.
இரண்டிலும் எழுத்துப் பிழை உண்டு.
ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ,
வெளிநாட்டு வேலை நோட்டீசுக்கு டி.டி.பி.

பென்சிகர் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொல்வார்:
"மால்ட்டா. ஓட்டல் பயிற்சி. கடலுக்கு நீலம் கூட்டு."
கூட்டுவேன்.
"நிபந்தனை எட்டுப் புள்ளியில போடு, எடம் பத்தாதுன்னா ஏழு."
ஏழில் போடுவேன்.
மால்ட்டாவில் தட்டேந்திச் சிரிக்கும் பெண்
கென்யாவில் பள்ளிக்கூடத்து வாசலிலும் சிரிக்கிறாள்.
சட்டை நிறத்தை மாற்றியது நான்தான்.
கழுத்தில் அட்டை தொங்கவிட்டதும் நான்தான்.

கென்யா, தொண்டு.
மூன்று மாதம் கூலியில்லாமல் உழைக்க
நாம் கட்ட வேண்டியது ஒன்றரை லட்சம்.
தலைகீழாய் அடித்துவிட்டேனோ என்று கேட்டேன்.
"அனுபவம் கிட்டும்லா" என்றார்.

இதுவரை தொண்ணூற்றெட்டுப் பேர் போனார்கள்
என்று தடித்த எழுத்தில் அச்சடித்தோம்.
வந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு
இடம் விடச் சொல்லவில்லை.

ஜெபிலா வந்தது ஒரு செவ்வாய் மதியம்.
மஞ்சாலுமூடு. நர்சிங் படிப்பு.
பாறசாலை ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம்,
மாதம் ஒன்பதாயிரத்துக்கு இரவுப் பணி.
வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து
நாடியை லேசாய் இறக்கு என்றேன்.
இறக்கினாள். கண்ணும் சேர்ந்து இறங்கியது.
ஜெராக்ஸ் எடுக்கையில் மேசையில் பரப்பினாள்,
நான் செய்த மூன்று நோட்டீசையும்.
"இதுல எது கொள்ளாம், அக்கா?"

சமையல்காரியிடமே கேட்கிறாள், எந்தக் கறி ஊசிப்போனது என்று.

ஜப்பான் நோட்டீசில் படமே கிடையாது.
முதல் ஆறு மாதம் மொழி மட்டும், சம்பளம் இல்லை,
வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டினால் முதுகு வலிக்கும்,
பாஸ்போர்ட் உங்கள் கையில்தான் இருக்கும்
என்று தொடக்கத்திலேயே போட்டிருக்கிறது.
யாரும் எடுப்பதில்லை. ஐம்பது பிரதி அடித்தோம்,
நாற்பத்தாறு மீதி.
கஷ்டத்தை முதலில் சொல்பவர்களை நம்பலாம் என்று தோன்றும்.
அப்புறம், அதுவும் ஒரு தந்திரமாக இருக்குமோ என்றும் தோன்றும்.
பன்னிரண்டு வருடம் பிறர் வாக்கியத்தை அடித்தால் இப்படித்தான்.

மால்ட்டாவைத்தான் அவள் விரல் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த நோட்டீசின் மலையாளப் பிரதியில்
மாதம் எண்பதாயிரம் 'வரெ'.
தமிழில் அந்தச் சொல் இல்லை.
வைத்திருந்தேன். பென்சிகர் அண்ணன் எடுக்கச் சொன்னார்:
"அந்தப் பக்கம் உள்ளவன் கேள்வி கேப்பான்.
நம்ம ஆளுக கேக்க மாட்டாங்க."

வரை என்றால் மலை, வரை என்றால் கோடு,
வரை என்றால் எல்லை
என்று பத்தாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
சோதனைச் சாவடி என் கடையிலிருந்து இருநூறு அடி.
அந்த இருநூறு அடிக்குள்
ஒரு சொல் கீழே விழுந்துவிட்டது.
விழுந்தது என்கிறேன்.
நீக்கும் பொத்தானை அழுத்தியது இந்த விரல்.

நீலப் பேனா எடுத்து
அவள் பிரதியில் எண்பதாயிரத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்.
வரை.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"எவ்வளவிலேருந்து, அக்கா?"
"அதை அவர்கிட்ட கேளு. போய்த் திரும்பின ஒருத்தி நம்பரும் கேளு.
பாதியில திரும்பினவளா இருந்தா நல்லது."
தலையாட்டினாள். கேட்பாளா, தெரியாது.

மிச்சம் எண்ணூறு பிரதி காலையிலேயே
பைக்கில் பளுகல் பக்கம் போய்விட்டது.
அவற்றில் எழுத என்னிடம் பேனா இல்லை,
தைரியமும் இல்லை. பென்சிகர் அண்ணன்
கடை வாடகையில் பாதி.

ஜெராக்ஸ் எட்டு ரூபாய், போட்டோ நாற்பது.
ஐம்பதாய்க் கொடுத்துச் சில்லறை வேண்டாம் என்றாள்.
இரண்டு ரூபாயைக் கையில் வைத்து அழுத்தினேன்.
அந்தச் சொல்லுக்கு மட்டும்
காசு வாங்கக் கூடாது என்றிருந்தது.